ப்ளடின்னா ரத்தம்னு மட்டும் சொல்லிக்குடுத்தா போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ரொம்ப வருஷமா ஸ்போக்கன் இங்கிலீஷ் க்ளாஸ் எடுத்துட்டு இருக்கேன். இங்கிலீஷ்காரங்க சாதாரணமா பேசிக்கும்போது ஒரு விஷயத்த அழுத்திச் சொல்றதுக்காக நடுவுல கெட்ட வார்த்தை போடுறாங்களே, அதப் பத்திதான் இந்தக் கடிதம். இதெல்லாம் பேப்பர்ல எழுதுற விஷயமான்னு சிலருக்குக் கோவம் வரலாம். ஆனா இத யாரும் சொல்லிக்குடுக்காம விட்டதுனால என் கண்ணு முன்னாடியே ஒரு பொண்ணு அழுதுச்சு, அதுல எனக்கும் பங்கு இருக்கு, அதனாலதான் எழுதுறேன். எஃப் எழுத்துல ஆரம்பிக்குற, உடலுறவக் குறிக்குற அந்தப் பெரிய கெட்ட வார்த்தைய நான் எஃப் வார்த்தைன்னே குறிப்பிடுறேன், உங்க பேப்பர வீட்ல சின்னவங்க பெரியவங்க எல்லாரும் படிக்குறாங்க.

அந்தப் பொண்ணு எங்கிட்ட படிச்சு முடிச்சுட்டு வீட்ல இருந்தே வெளிநாட்டு ஆளுங்களுக்கு டிசைன் வேலை பண்ணிக் குடுத்துட்டு இருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் க்ளாஸ் முடிஞ்சு எல்லாரும் கெளம்புனதுக்கப்புறம் வந்து நின்னுச்சு, கையில ஃபோன், கண்ணு ரெண்டும் செவந்து போயிருக்கு. "சார், ராத்திரி முழுக்க முழிச்சு பண்ணிக் குடுத்தேன் சார், அதுக்குப் போய் இப்படித் திட்டிட்டாரு, இந்த வேலையே வேணாம்னு எழுதிடவா சார்"ன்னு கேக்குது. ஃபோன வாங்கிப் பாத்தா ஒரே ஒரு வரி. திஸ் இஸ், அப்புறம் அந்த எஃப் வார்த்தை இங் சேத்து, அப்புறம் ப்ரில்லியன்ட், ஒரு ஆச்சரியக்குறி, அவ்ளோதான். அந்தப் பொண்ணு கண்ணுக்கு நடுவுல இருக்குற வார்த்தை மட்டும்தான் தெரிஞ்சிருக்கு, ப்ரில்லியன்ட் தெரியவே இல்ல. "இது திட்டு இல்லம்மா, அந்த ஆளுக்கு இதுக்கு மேல பாராட்டத் தெரியாது"ன்னு சொன்னேன். நம்பல. "அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும் சார்"ன்னுச்சு. தெரியும்தான், அர்த்தம் மட்டும் தெரியும். ஒரு தடவ க்ளாஸ்ல இதே பொண்ணு அந்த வார்த்தையப் பத்திக் கேட்டப்ப "அது கெட்ட வார்த்தை, நமக்கெதுக்கு, அடுத்த வரிக்கு வா"ன்னு சொல்லி வாய அடச்சது நான்தான். அன்னைக்கு அஞ்சு நிமிஷம் செலவு பண்ணி சொல்லியிருந்தா இப்போ இந்த அழுகை இல்ல.

இதுல கொழம்புனது அந்தப் பொண்ணு மட்டும் இல்ல, அமெரிக்காவுல டிவி, ரேடியோவக் கண்காணிக்குற எஃப்சிசின்ற ஆணையமே இதே எடத்துலதான் கொழம்பிச்சு. 2003 ஜனவரில கோல்டன் குளோப் விருது விழா டிவில நேரடியா போகுது, யு2ன்ற இசைக்குழுவோட பாட்டுக்காரர் போனோ விருது வாங்க மேடைக்கு வந்து சந்தோஷத்துல, என் மாணவிக்கு வந்த மெசேஜ்ல இருந்த அதே ரெண்டு வார்த்தைய, ரியலி ரியலின்னு முன்னாடி சேத்து சொல்லிட்டாரு. புகார் போச்சு. அந்த வருஷம் அக்டோபர்ல ஆணையத்தோட அதிகாரிங்க, இவரு இத அழுத்தத்துக்காகத்தான் சொன்னாரு, உடம்பு சம்பந்தப்பட்ட எதையும் சொல்லல, அதனால ஆபாசம் இல்லன்னு சொன்னாங்க. 2004 மார்ச்ல ஆணையம் அதையே திருப்பிப் போட்டு, அந்த வார்த்தைய எப்படிச் சொன்னாலும் அந்தப் பழைய அர்த்தத்தோட நெழல் கூடவே வரும், அதனால தப்புதான்னு சொல்லுச்சு. அந்தப் புதுக் கொள்கை மேல வழக்கு கெளம்பி 2009லயும் 2012லயும் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. ஒரு வார்த்தை திட்டா, வெறும் அழுத்தமான்னு பாக்க அவ்ளோ பெரிய மனுஷங்களுக்கே அத்தன வருஷம் ஆகியிருக்கு, நம்ம புள்ளைங்க ஃபோன்ல ஒரு வரியப் பாத்துட்டு எப்படிங்க கண்டுபிடிக்கும்?

சினிமாவுக்கு சான்றிதழ் குடுக்குற எடத்துலயும் இதே கோடுதான். அமெரிக்காவுல பிஜி-13 படத்துல, அதாவது 13 வயசுக்குக் கீழ உள்ளவங்கள பெத்தவங்க கவனமா பாத்துக்கணும்னு சொல்ற படத்துல, அந்த வார்த்தை அழுத்தத்துக்காகவோ ஆத்திரத்துலயோ ஒரு தடவ வந்தா பொதுவா விட்டுடுவாங்க, ஆனா நெஜ அர்த்தத்துல ஒரே ஒரு தடவ வந்தாலும், 17 வயசுக்குக் கீழ உள்ளவங்க பெரியவங்க துணையோடதான் பாக்கணும்ன்ற ஆர் சான்றிதழ்தான். அதாவது எழுத்து அதே, சத்தம் அதே, செய்ற வேலைதான் வேற. வேலையப் பாத்துதான் கணக்கு.

இது என்னமோ இங்கிலீஷ்காரங்களுக்கு மட்டும் உள்ள புத்தின்னு நெனச்சுடாதீங்க. நாமளும் பயங்கர சந்தோஷம்னு சொல்றோம், சந்தோஷத்துல என்னங்க பயங்கரம் இருக்கு? பேய் மழைங்கறோம், அசுர வேகம்ங்கறோம், கொலப்பசிங்கறோம். பேயையும் அசுரனையும் கொலையையும் நெனச்சா சொல்றோம், ரொம்பன்றதுக்குப் பதிலா சொல்றோம். அந்த ரொம்பவே நிரம்பன்ற வார்த்தை தேஞ்சு வந்ததுதான், இப்போ அதுல நெறையற சத்தமே கேக்கல. நன்னூல் சால, உறு, தவ, நனி, கூர், கழி இதெல்லாம் மிகுதியச் சொல்ற சொல்லுன்னு வரிசையா சொல்லுது, அதுல எத்தன இன்னைக்குப் பேச்சுல உசுரோட இருக்கு? அழுத்தம் குடுக்குற வார்த்தைக்கு ஆயுசு கம்மி. எல்லாரும் எடுத்து எடுத்துப் போட்டு அது மழுங்கிடும், அப்புறம் காரமா இன்னொண்ணு வேணும். இங்கிலீஷ்ல வெரின்ற வார்த்தை பழைய பிரெஞ்சுல உண்மைன்ற அர்த்தத்துல இருந்து வந்தது, இப்போ அதுல உண்மையும் இல்ல, காரமும் இல்ல. ஆஃபுல், டெரிபிள் ரெண்டும் ஒரு காலத்துல நெஜமாவே நடுங்க வைக்குற வார்த்தைங்க, இன்னைக்கு ஆஃபுலி நைஸ்னு தேன் ஒழுக சொல்றாங்க. அப்போ காரத்துக்கு எங்க போவாங்க, எது வாயில வரக்கூடாதுன்னு அந்த சமூகம் சொல்லி வச்சிருக்கோ அங்கதான் போவாங்க. மொதல்ல சாமி, நரகம் சம்பந்தமா இருந்துச்சு, டேம், ஹெல்லெல்லாம் அப்படி வந்தது. அப்புறம் உடம்பு சம்பந்தமா போச்சு.

ப்ளடி கதையக் கேட்டீங்கன்னா இது எப்படித் தேயுதுன்னு அப்படியே புரியும். ரத்தம்ன்ற வார்த்தைல இருந்து வந்ததுதான், பை அவர் லேடின்னு மாதா பேர்ல சத்தியம் பண்ணதுதான் ப்ளடின்னு ஆச்சுன்னு ஒரு கத ரொம்ப நாளா சுத்துது, ஆனா அகராதிக்காரங்க அத ஏத்துக்கல. 17ஆம் நூற்றாண்டுலயே அழுத்தத்துக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க, அப்புறம் நாளாக நாளாக அது நாலு பேரு நடுவுல சொல்லக்கூடாத வார்த்தையா ஆகிடுச்சு. 1914 ஏப்ரல்ல லண்டன்ல பெர்னார்ட் ஷாவோட பிக்மேலியன் நாடகம் போடுறாங்க, அதுல பூ விக்குற பொண்ணா வர்ற எலிசா, பெரிய எடத்து ஆளுங்க மாதிரி பேசக் கத்துக்கிட்டு, ஒரு வீட்ல அழகா உக்காந்து பேசிட்டுக் கெளம்பும்போது நாட் ப்ளடி லைக்லின்னு, அதாவது சான்ஸே இல்லன்னு, சொல்லிடுவா. தியேட்டர்ல சிரிப்பு அடங்கவே ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் ப்ளடின்னு சொல்லக் கூச்சப்பட்டவங்க அந்த எடத்துல நாடகத்தோட பேரையே போட்டு நாட் பிக்மேலியன் லைக்லின்னு பேச ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு ஊரே பேசுன வார்த்தை, இன்னைக்கு பிரிட்டன்ல ஒளிபரப்பக் கண்காணிக்குற ஆஃப்காம் அத லேசான வார்த்தைங்க பட்டியல்ல வச்சிருக்கு. ஆனாலும் முழுசா சாகல. 2006ல ஆஸ்திரேலியா சுற்றுலா விளம்பரத்துல, இவ்ளோ அழகா எல்லாம் தயாரா வச்சிருக்கோம், நீங்க எங்கய்யா போனீங்கன்ற அர்த்தத்துல வேர் த ப்ளடி ஹெல் ஆர் யூன்னு போட்டாங்க, அதப் பிரிட்டன் டிவில மொதல்ல விடல, அப்புறம்தான் விட்டாங்க. ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு அது விருந்தாளிய உரிமையோட கூப்புடுறது, கடல் தாண்டினா அதே வார்த்தைக்குத் தடை.

இன்னொண்ணும் சொல்லணும், இந்த வார்த்தைங்களுக்கு இலக்கணம் கெடையாதுன்னு நெனக்குறோம் பாருங்க, அது சுத்தத் தப்பு. நான் க்ளாஸ்ல சோதிச்சுப் பாத்திருக்கேன். வெரி இருக்குற எடத்துல எல்லாம் ப்ளடியத் தூக்கிப் போட முடியாது. வெரி குட், ப்ளடி குட், ரெண்டும் சரி. ப்ளடி இடியட்னு சொல்லலாம், வெரி இடியட்னு சொல்ல முடியாது. குளிரா இருக்கான்னு கேட்டா வெரின்னு ஒத்த வார்த்தைல பதில் சொல்லலாம், ப்ளடின்னு மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. வாட் த ஹெல், ஹூ த ஹெல், வேர் த ஹெல் எல்லாம் வரும், ஆனா விச் த ஹெல்னு எந்த இங்கிலீஷ்காரரும் சொல்ல மாட்டாரு, ஏன்னு கேட்டா அவருக்கே சொல்லத் தெரியாது. இதெல்லாத்தையும் விட எனக்கு ஆச்சரியம், ஒரு வார்த்தைய ரெண்டாப் பொளந்து நடுவுல சொருகுறதுதான். அப்சோ-ப்ளடி-லூட்லின்னு சொல்வாங்க. எங்க வேணா சொருக முடியாது, அழுத்தி உச்சரிக்குற அசைக்கு முன்னாடிதான் சொருகணும், அப்சொலூட்லில லூ மேலதான் அழுத்தம், அதனால அதுக்கு முன்னாடி. அப்-ப்ளடி-சொலூட்லின்னு சொன்னா சின்னப் புள்ள கூட இது இங்கிலீஷே இல்லன்னு சொல்லிடும். ஜான் மெக்கார்த்தின்ற மொழியியல் அறிஞர் 1982லயே இதப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்காரு. யாரும் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்காமலே கோடிக்கணக்கான பேரு பிசகாம கடைப்பிடிக்குற விதி இது, அத ஒழுக்கக்கேடுன்னு ஒரே வார்த்தைல ஒதுக்கித் தள்ள எனக்கு மனசு வரல.

சரி, அப்போ நம்ம புள்ளைங்களும் தாராளமா பேசலாமான்னு கேட்டா, அங்கதான் எனக்குப் பெரிய கவலை. பாராட்டுன்னு தெரியாம பயந்து அழுத பொண்ணப் பத்திச் சொன்னேன், அதுக்கு நேர் எதிரா ஒரு பையன். நல்லாப் படிக்குறவன், சீரிஸா பாத்துப் பாத்து இங்கிலீஷ் சரளமா வரும். இன்டர்வியூல உங்க பழைய ப்ராஜெக்ட் எப்படி இருந்துச்சுன்னு கேட்டிருக்காங்க, இவன் இட் வாஸ் எ ப்ளடி குட் எக்ஸ்பீரியன்ஸ் சார்னு சிரிச்ச முகத்தோட சொல்லியிருக்கான். எதிர்ல இருந்த மூணு பேரும் பேனாவக் கீழ வச்சுட்டாங்களாம். அடுத்த கேள்வியே வரல, நாங்க தகவல் சொல்றோம்னு அனுப்பிட்டாங்க. "நான் திட்டவே இல்லையே சார், சந்தோஷமா இருந்துச்சுன்னுதான சொன்னேன்"ன்னு எங்கிட்ட கேட்டான். வாக்கியத்துல இலக்கணப் பிழை ஒண்ணு கூட இல்ல. ஆள் தப்பு, எடம் தப்பு.

ஏன் அவனுக்கு அது ஒறைக்கலன்னு நான் ரொம்ப யோசிச்சேன். நம்ம பசங்க ஒண்ணா இருக்கும்போது வாக்கியத்துக்கு முன்னாடி அம்மாவ இழுத்துத் திட்டுற அந்தக் கெட்ட வார்த்தையப் போட்டுட்டு செம மேட்ச்டான்னு சொல்றாங்க இல்லையா, அது யாரோட அம்மாவையும் சொல்றது இல்ல, எஃப் வார்த்தை செய்ற அதே வேலையத்தான் அதுவும் செய்யுது. ஆனா எந்தப் பையனும் அத அம்மா முன்னாடி சொல்ல மாட்டான், நாக்கு தானா நின்னுடும். அதே பையன் அம்மா பக்கத்துல உக்காந்திருக்கும்போதே ஃபோன்ல இங்கிலீஷ் எஃப் வார்த்தைய மூணு தடவ சொல்றான், நாக்கு நிக்கல. ஏன்னா தமிழ் வார்த்தைய சின்ன வயசுல சொன்னப்ப வாயில ஒண்ணு விழுந்திருக்கும், இங்கிலீஷ் வார்த்தைக்கு யாரும் அடிக்கல. இது என் ஊகம் மட்டும் இல்ல. 2003ல துருக்கி மொழி தாய்மொழியா உள்ளவங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, தோல்ல வர்ற லேசான மின் மாற்றத்த அளந்து பாத்தா, சின்ன வயசுல திட்டு வாங்குன மாதிரியான வார்த்தைங்களுக்குத் தாய்மொழில உடம்பு அதிகமா சிலிர்த்துச்சு, பின்னாடி கத்துக்கிட்ட இங்கிலீஷ்ல அந்த அளவுக்கு இல்ல. லண்டன் பிர்க்பெக் கல்லூரில வேலை பாத்த மொழியியல் அறிஞர் ழான்-மார்க் டெவாலும் பல மொழி பேசுறவங்க ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்கள வச்சுப் பாத்து, மொத மொழிக் கெட்ட வார்த்தைதான் பொதுவா கனமா இருக்குன்னு எழுதியிருக்காரு.

கீல் பல்கலைக்கழகத்துல 2009ல பண்ண ஐஸ் தண்ணி சோதனையும் இதோட சேத்துப் பாக்க வேண்டியது. ஐஸ் தண்ணிக்குள்ள கைய விட்டு எவ்ளோ நேரம் தாங்க முடியுதுன்னு பாத்தாங்க, கெட்ட வார்த்தை சொல்லிக்கிட்டே இருந்தவங்க, சாதாரண வார்த்தை சொன்னப்ப இருந்தத விட அதிக நேரம் தாங்குனாங்க. 2011ல இன்னும் நுணுக்கமா பாத்தப்ப, தினமும் நெறைய கெட்ட வார்த்தை பேசுறவங்களுக்கு அந்தப் பலன் கம்மியா இருந்துச்சு. 2020ல அந்த ஆராய்ச்சிக்காரங்களே புதுசா ரெண்டு வார்த்தைய உருவாக்கிச் சொல்லச் சொன்னாங்க, கேக்க வேடிக்கையா இருந்துச்சே தவிர வலிய தாங்க ஒண்ணும் உதவல. அப்போ பலம் எழுத்துலயும் சத்தத்துலயும் மட்டும் இல்ல, வாழ்க்கைல அந்த வார்த்தையோட நாம பட்டதும் சேந்தாதான் பலம். நம்ம வாயில குளுகுளுன்னு இருக்குற அந்த இங்கிலீஷ் வார்த்தை, அத அடி வாங்கிக் கத்துக்கிட்டு வளந்தவங்க காதுல போய் சுடும். சொல்றவனுக்குச் சூடு தெரியாது, கேக்குறவங்களுக்குத் தெரியும். என் மாணவன் இன்டர்வியூல மாட்டுனது இங்கதான்.

அதனால நான் இப்போ சொல்றது, புரிஞ்சுக்க எல்லாத்தையும் கத்துக்கோ, வாயில எடுக்க அவசரப்படாத. கூட வேலை செய்றவங்க மொதல்ல பேசட்டும், பழகட்டும், எழுத்துல வேணவே வேணாம். காரம் இல்லாத மாத்து வார்த்தைங்களையும் இங்கிலீஷ்காரங்களே பண்ணி வச்சிருக்காங்க. டேமுக்கு டார்ன், ஹெல்லுக்கு ஹெக், ப்ளடிக்கு ப்ளூமிங், எஃப் வார்த்தைக்கு ஃப்ரீக்கிங், ஃப்ளிப்பிங். நாம தமிழ்ல கால் கழுவி வந்தான்னு சொல்றோமே, அந்த இடக்கரடக்கல்தான் இது, வேற இல்ல. ஆனா அதுக்கும் எடம் பாக்கணும், இன்டர்வியூல ஃப்ரீக்கிங்கும் சரியா வராது.

உங்கள மாதிரி பத்திரிகைங்ககிட்டயும், மொழிபெயர்க்குறவங்ககிட்டயும், அகராதி போடுறவங்ககிட்டயும் எனக்கு ஒரு வேண்டுகோள். ப்ளடின்னு தேடுனா ரத்தம் தோய்ந்தன்னு மட்டும் போட்டு விட்டுடாதீங்க. ஒரு மாணவர் ப்ளடி குட் மேட்ச்ன்றத ரத்தக்களறியான நல்ல ஆட்டம்னு எழுதிக் கொண்டு வந்தாரு, அவர் மேல தப்பே சொல்ல முடியாது, கையில இருந்த புத்தகத்துல அவ்ளோதான் இருந்துச்சு. சப்டைட்டில்லயும் இதே கததான். எஃப் வார்த்தை போட்டு ஒருத்தன் குளிருதுன்னு சொன்னா, ஒண்ணு அத அப்படியே விழுங்கிட்டு வெறும் குளிருதுன்னு போடுறாங்க, இல்லன்னா பக்கத்துல இருக்குறவன அசிங்கமா திட்டுற மாதிரி போடுறாங்க, அவன் யாரையுமே திட்டல. பயங்கரக் குளிருடான்னு போட்டா முடிஞ்சுது. வார்த்தையோட அர்த்தத்த விட்டுட்டு அதோட எடைய மட்டும் தமிழுக்குக் கொண்டு வாங்க. எந்த வார்த்தை யாருகிட்ட, எவ்ளோ கனம், பாராட்டா திட்டான்னு ரெண்டு வரி சேத்தா எவ்வளவோ புள்ளைங்களுக்கு உதவும்.

அந்தப் பொண்ணு விஷயத்த பாதில விட்டுட்டேன். "அப்போ நான் என்ன சார் பதில் எழுதணும், நானும் அதையே திருப்பிப் போடணுமா"ன்னு கேட்டுச்சு. "வேணாம்மா, ரொம்ப நன்றி, உங்களுக்குப் புடிச்சதுல எனக்கு சந்தோஷம்னு மட்டும் எழுது"ன்னு சொன்னேன். அங்கயே நின்னு டைப் பண்ணி அனுப்பிட்டு, திரும்பவும் அந்தப் பழைய மெசேஜ மேல தள்ளிப் பாத்துச்சு, இந்தத் தடவ ப்ரில்லியன்ட்ன்ற வார்த்தை மேல வெரல வச்சுப் படிச்சுச்சு. அடுத்த பேட்ச் திங்கக்கெழம ஆரம்பிக்குது. மொத வாரத்துலயே போர்டுல ப்ளடின்னு எழுதிப் போட்டு, யாராவது கேட்டா அடுத்த வரிக்குப் போகாம உக்காந்து சொல்லிக்குடுக்கப் போறேன்.

இப்படிக்கு,
ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாசகர்